பேர் வெட்டிய டம்ளர்

க்ரீன் கார்டு மெடிக்கலில் நான் பாஸ், என் கணவர் ஃபெயில். அப்படித்தான் போகிற வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, டெக்ஸாஸில் டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சன். டெலிகாம் கம்பெனிகள் கும்பல் கும்பலாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பி அப்போதுதான் ஓய்ந்திருந்தன. எங்கள் இரண்டு பேர் வேலையும் எப்படியோ தப்பியிருந்தது. க்ரீன் கார்டு விண்ணப்பத்தோடு மருத்துவச் சான்றிதழ் வைக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னதால், அதற்கென்று அனுமதி பெற்ற டாக்டர் ஒருவரிடம் போனோம். முன்கையில் தோலுக்கு அடியில் ஒரு சின்ன ஊசி போட்டார்கள். காசநோய்க் கிருமி உடம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கிற ஊசி. இரண்டு நாள் கழித்துப் போனால், அந்த இடம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார்கள்.

எங்கள் ஆட்களுக்குப் பெரும்பாலும் தடிக்கும். குழந்தையில் தோளில் பி.சி.ஜி. ஊசி போட்டார்களே, அதனால்தான் என்று நாங்கள் சொல்வோம். அமெரிக்க டாக்டர்கள் அதைக் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவருகிற சனிக்கிழமை பாட்லக்கில் பிசிபேளாபாத் தட்டோடு நின்றுகொண்டு, "உனக்கு எத்தனை மில்லிமீட்டர்?" என்று பத்தாம் வகுப்பு மார்க் மாதிரி விசாரித்துக்கொள்வோம்.

என் கணவரின் கை மெதுவடை மாதிரி வீங்கியிருந்தது. உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் சுத்தமாக இருந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறது, இது நோயல்ல, இவரிடமிருந்து யாருக்கும் பரவாது, ஆனாலும் பின்னால் எழுந்துகொள்ளாமல் இருக்க ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிடுவது நல்லது என்றார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். 'யாருக்கும் பரவாது' என்பது என் இரண்டு காதிலும் விழுந்தது.

என் கை தட்டையாக இருந்தது. நர்ஸ் விரலால் தடவிப் பார்த்தாள், இன்னொரு தடவை தடவினாள், "ஜீரோ" என்று எழுதினாள். ஊசி போட்ட இடமே தெரியவில்லை. அன்றைக்கு நான் ரவா கேசரி கிளறினேன். சத்தியமாகச் சொல்கிறேன், கேசரி கிளறினேன்.

அப்போது எங்கள் மகளுக்கு இரண்டரை வயது. என் பயமெல்லாம் அவள்மேல்தான். அப்பாவின் மூச்சுக்காற்றில் ஏதாவது வந்து குழந்தைக்கு ஒட்டிவிட்டால்? டாக்டர் சொன்னது புத்திக்குப் புரிந்தது. ஆனால் ஊரில் நான் வளர்ந்த தெருவில் டிபி என்றால் தனித் தட்டு, தனிப் பாய். அந்தச் சொல்லைக்கூட சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அமெரிக்கா வந்து ஆறு வருடமாகியும் அந்தத் தெரு என்னை விட்டுப் போகவில்லை.

எங்கள் சமையலறை அலமாரியின் பின்வரிசையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. என் கணவர் ஹாஸ்டலுக்குப் போகும்போது, தொலைந்துபோகாமல் இருக்க அவருடைய அம்மா பேர் வெட்டிக் கொடுத்தது. நான் அதை அரிசி அளக்க வைத்திருந்தேன். மெடிக்கல் முடிந்த மறுநாள் காலை அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். அதில் காப்பியை ஊற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"பேரு போட்ட டம்ளர் சும்மாவே கெடக்குதுங்க. இனிமே இதுலயே குடிங்களேன். உங்கம்மா ஆசையா குடுத்தது."

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி" என்று எடுத்துக் குடித்தார்.

டிபி என்ற வார்த்தையை நான் வீட்டுக்குள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுதான் என் சாமர்த்தியம். அந்த டம்ளரைத் தனியாகக் கழுவினேன், கழுவிய கையைச் சோப்புப் போட்டு மறுபடி கழுவினேன். அவர் குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் குனிந்தால், "தாடி குத்தும்டா செல்லம், இங்க வா" என்று இழுத்துக்கொண்டேன். அவருடைய துண்டு தனிக் கொக்கிக்குப் போனது. பாத்திரம் உலர வைப்பதற்கு மட்டும் நாங்கள் பயன்படுத்தி வந்த டிஷ்வாஷரில் எல்லாப் பாத்திரமும் இருக்கும், அந்த ஒரு டம்ளர் மட்டும் சிங்க்கின் ஓரத்தில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அவர் தினமும் காலையில் அதே டம்ளரில் தண்ணீர் பிடித்து மாத்திரை போட்டுக்கொள்வார். வெளியில் நான் 'இவர் ஃபெயில்' ஜோக்கை அடிக்கும்போது அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நான் ஏமாற்றிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் என் முழங்கால் சிவந்தது.

என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அங்க அடையாளம் என்ற இடத்தில் 'வலது முழங்காலில் ஒரு தழும்பு' என்று இருக்கும். ஏழாவது படிக்கும்போது சைக்கிளிலிருந்து ஜல்லியில் விழுந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெளுத்து, வழவழவென்று, தேடிப் பார்த்தால்தான் தெரியும். அந்தத் தழும்பு ஒரு நாள் காலையில் செக்கச்செவேலென்று உப்பியிருந்தது. வலி இல்லை, அரிப்பும் இல்லை. அழுத்தினால் உள்ளே கெட்டியாக இருந்தது. எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரத்தில் தோளில் இருந்த பி.சி.ஜி. தழும்பு எழுந்தது. ஸ்லீவ்லெஸ் போட முடியவில்லை. நாவல்பழ நிறத்தில், அரை நாவல்பழம் அளவுக்கே மேடாக நின்றது. அப்போதும் அலர்ஜி என்றுதான் நினைத்தேன். டாலஸ் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் அலர்ஜிதான். எனக்குக் கோடையிலிருந்தே ஒரு வறட்டு இருமல், அதையும் அந்தக் கணக்கில்தான் எழுதியிருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றபோது தூக்கிவாரிப் போட்டது. மகளைச் சிசேரியன் செய்து எடுத்த கோடு, அடிவயிற்றின் குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு மாதிரி புடைத்திருந்தது. புருவத்தைப் பார்த்தேன். ஊஞ்சல் பலகை பட்ட தழும்பு, எனக்கே மறந்துபோனது, அதுவும் தடித்திருந்தது. உடம்பில் வேறெங்கும் ஒரு பொட்டுக்கூட இல்லை. எந்த எந்த இடத்தில் எப்போதோ காயம் பட்டதோ, அந்த அந்த இடம் மட்டும் எழுந்து நின்றது. யாரோ என் உடம்பின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிப்பது போல இருந்தது. நான் போட்ட சத்தத்தில் அவர் ஓடி வந்தார். தரையில் முட்டி போட்டு முழங்காலைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

தோல் டாக்டர் நரைத்த தலையோடு ஒரு அமெரிக்க அம்மா. என் உடம்பில் உள்ள ஒவ்வொரு தழும்பும் எப்படி வந்தது, எந்த வயதில் வந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். என் அம்மாகூட அவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. கடைசியில், காசநோய் ஊசிப் பரிசோதனை எப்போதாவது செய்தீர்களா என்றார்.

"பிப்ரவரியில். ஜீரோ" என்றேன். குரலில் பெருமை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "இந்தியாவில் பிறந்து வளர்ந்தவர். தோளில் தடுப்பூசித் தழும்பு இருக்கிறது. ஜீரோவா?"

"ஜீரோ."

"ம்" என்று அந்த ஜீரோவுக்கு அடியில் ஒரு கோடு போட்டார். முழங்காலில் மரத்துப்போக ஊசி போட்டு, பட்டாணி அளவுக்குச் சதை வெட்டி எடுத்தார்.

அடுத்த வாரம் ஆபீஸில் இருக்கும்போது ஃபோன் வந்தது. சதையில் செல்கள் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டிருக்கின்றன, காசநோயிலும் அப்படி வரும், வேறொரு நோயிலும் வரும் என்றார். அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதில் நெஞ்சுக்குள் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. மூன்று காலை சளி எடுத்துக் கொடுக்க வேண்டும். அதன் முடிவு வரும்வரை வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, குழந்தையை நெருங்கக் கூடாது. சதையில் கிருமி வளர்கிறதா என்று உறுதியாகத் தெரிய எட்டு வாரம் ஆகும். குழந்தைக்கும் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும்.

குழந்தைக்கும் என்ற வார்த்தைக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஃபோனை வைத்துவிட்டு, எப்படிக் காரை எடுத்தேன், எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. சாயங்காலம் அவர் டேகேரிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு வந்தார். அவள் "அம்மா!" என்று ஓடி வந்தாள். நான் பெட்ரூமுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சின்னக் கைகள் கதவைத் தட்டின. "ஓபன் அம்மா, ஓபன்!"

அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"டிபியா இருக்கலாமாம். எனக்கு. பாப்பாவுக்கும் டெஸ்ட் பண்ணணுமாம்."

சொல்லும்போதே எனக்கு வெறி பிடித்தது.

"நீங்கதான் குடுத்தீங்க! எனக்கு ஜீரோ. நான் சுத்தமா இருந்தேன். உங்ககிட்டேர்ந்துதான் வந்துச்சு. எம்புள்ளைக்கு ஏதாவது ஆச்சு, உங்கள நான் மன்னிக்கவே மாட்டேன்!"

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஸாரிம்மா."

அவ்வளவுதான். மாத்திரை சாப்பிடுகிறேனே என்று சொல்லவில்லை, டாக்டர் பரவாது என்றாரே என்று சொல்லவில்லை. நான் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட்டார். நானும்தான் நம்பினேன்.

ஒரு வாரம் அந்த அறைக்குள் கிடந்தேன். அவர் ஹாலில் குழந்தையோடு படுத்துக்கொண்டார். ரசம் வைத்தார், அப்பளம் சுட்டார், தட்டைக் கதவருகே வைத்துவிட்டுத் தட்டினார். காப்பியை நாங்கள் எல்லோரும் குடிக்கிற சாதாரண டம்ளர்களில் ஒன்றில்தான் கொண்டு வந்தார். எனக்கென்று எதையும் தனியாக எடுத்து வைக்கவில்லை. மூன்றாவது நாள் நான் பாதிக் காப்பியை மிச்சம் வைத்து டம்ளரை வெளியே வைத்தேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எடுத்தார். சிங்க்கை நோக்கி நடந்துகொண்டே, வாய் வைத்து, மிச்சத்தைக் குடித்தார்.

"ஐயோ, எச்சிங்க! எதுக்குக் குடிக்கிறீங்க?" என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "வேஸ்ட்டாப் போயிடும்ல" என்றார்.

சிங்க்கின் ஓரத்தில் அவர் பேர் வெட்டிய டம்ளர் தனியாகக் கவிழ்ந்திருந்தது அங்கிருந்தே தெரிந்தது. எட்டு மாதமாக இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. நான் அறையிலிருந்து வெளியே வந்து மகளைத் தூக்கிக்கொண்டு அழுதேன். அவளுக்கு ஊசிப் பரிசோதனையில் ஜீரோ. ஆனால் எட்டு வாரக் கெடு பாக்கி இருந்தது. நவம்பரில் அவருடைய ஒன்பது மாத மாத்திரை முடிந்தது. காலி பாட்டிலை அவர் குப்பையில் போட்டதை நான் பார்த்தேன். டம்ளரை மட்டும் மாற்றத் தைரியம் வரவில்லை. மாற்றினால் இத்தனை நாள் செய்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும்.

டிசம்பரில் தோல் டாக்டர் கூப்பிட்டார். இரண்டு பேரும் போனோம்.

"எட்டு வாரத்தில் எதுவும் வளரவில்லை. இது காசநோய் இல்லை" என்றார். ஒரு தாளில் பெயரை எழுதிக் காட்டினார். சார்காய்டோசிஸ். அபூர்வமாக வருவது. உடம்பைக் காக்கிற செல்களே காரணமில்லாமல் கூட்டம் கூடி உருண்டு திரண்டுகொள்ளும். சிலருக்கு அது பழைய தழும்புகளைத் தேடிப் போய் உட்காரும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு நெஞ்சுக்குள் நெறியிலும் இருக்கிறது, கண்ணுக்கும் வரலாம், அதனால் கண் டாக்டரையும் பார்க்க வேண்டும், ஸ்டீராய்டு மாத்திரை தொடங்க வேண்டும்.

"எப்போது வந்திருக்கும்?" என்று கேட்டேன்.

டாக்டர் என் ஃபைலைத் திருப்பி, தான் அடிக்கோடிட்ட ஜீரோவைக் காட்டினார். "பிப்ரவரியிலேயே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஊசி போட்ட இடத்துக்கு ஓடி வந்து சண்டை போட வேண்டிய செல்கள் உங்கள் உடம்பில் வேறு இடத்தில் கூடியிருந்தன. கைக்கு யாரும் வரவில்லை. அதனால்தான் அது தட்டையாக இருந்தது. இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்தச் சோதனை பெரும்பாலும் பதில் சொல்லாது."

நான் பிழைப்புக்குச் செய்கிற வேலையே சாஃப்ட்வேர் டெஸ்டிங். சோதனை ஓடாமலே ஸ்க்ரீனில் பச்சை காட்டும், அதைப் பாஸ் என்று எடுத்துக்கொள்ளாதே என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். நானே எத்தனை பேரை அதற்காகக் காய்ச்சியிருக்கிறேன்! என் கையில் ஓடாத சோதனைக்கு நான் கேசரி கிளறியிருக்கிறேன். வீங்கிய அவர் கைதான் ஒழுங்காக வேலை செய்த உடம்பு. மகளுடைய ஜீரோ நிஜ ஜீரோதானா என்று டாக்டரிடம் மூன்று தடவை கேட்டேன். நிஜம்தான் என்று மூன்று தடவையும் சொன்னார்.

என் கணவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

"இது... என்கிட்டேயிருந்து இவளுக்கு வந்திருக்குமா, டாக்டர்?"

"இது யாரிடமிருந்தும் யாருக்கும் வராது. உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை."

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. இரண்டு மாதமாக இந்த மனுஷன் பெண்டாட்டிக்கு நோயைக் கொடுத்துவிட்டோம் என்ற நினைப்போடு ரசம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் ஆரம்பித்தேன். "அன்னிக்கு நான் கதவுக்குப் பின்னாடிலேர்ந்து சொன்னது..."

"விடும்மா. பேசிட்டே வந்தா எக்ஸிட் மிஸ் ஆயிடும்" என்றார்.

என் தழும்புகள் அடங்க ஒன்றரை வருடம் ஆனது. ஸ்டீராய்டில் முகம் பூசணிக்காயாகி, திரும்ப முகமானது. முழங்காலில் இன்றைக்கும் ஒரு காப்பி நிறக் கறை இருக்கிறது. அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த டிசம்பர் சாயங்காலம் வழியில் டேகேரில் மகளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்த வேலை, பேர் வெட்டிய டம்ளரைத் தூக்கி அலமாரியின் பின்வரிசையில் வைத்ததுதான். மற்ற டம்ளர்களில் இரண்டை எடுத்துக் காப்பி ஆற்றினேன். ஒன்றை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் எடுத்து உதட்டருகே கொண்டுபோனார்.

"நோ, அப்பா!"

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்று வயது முடிந்து சில மாதம்தான். "தட்ஸ் நாட் யுவர்ஸ்."

ஓடினாள். நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, அலமாரியின் பின்வரிசையில் கையை விட்டுத் துழாவி, அந்த டம்ளரைச் சரியாகக் கண்டுபிடித்து எடுத்தாள். அவளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாரும் சொன்னதில்லை. இரண்டு கையாலும் பத்திரமாகக் கொண்டுவந்து மேஜையில் அப்பா முன்னால் வைத்தாள். உதவி செய்துவிட்ட சந்தோஷம் முகமெல்லாம் இருந்தது.

பிறகு நேராக என்னிடம் வந்தாள். அந்த டம்ளரைத் தொட்ட இரண்டு கையையும், எதிலும் பட்டுவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிங்க்குக்கு முன்னால் நின்றாள்.

"வாஷ், அம்மா."

நான் குழாயைத் திறக்கவில்லை. அவர்தான் எழுந்து வந்தார். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயைத் திறந்தார்.

"நல்லா சோப்புப் போட்டுக்கோடா செல்லம்" என்றார்.